திங்கட்கிழமைகளில் பார்த்த நகரம்

எங்கள் அப்பாவுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. அது திங்கட்கிழமை. ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் இருக்கும் டுசல்டோர்ஃப் நகரத்தில், ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் அவர் வேலை செய்தார். சனி, ஞாயிறுகளில் ஊரே வெளியே சாப்பிட வரும். அந்தக் களைப்புத் தீர முதலாளி திங்களன்று கடையைப் பூட்டுவார். அந்த நகரத்தில் அருங்காட்சியகங்களும் மாளிகைகளும் பூட்டிக்கிடப்பதும் அதே திங்கட்கிழமைதான். இது எங்களுக்குத் தெரியவரக் கொஞ்சக் காலம் எடுத்தது.

இப்போது நான் ஆக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட்டில், குளிர்காலத்தில் பலகைகள் முனகும் ஒரு பழைய மரவீட்டில் இருக்கிறேன். தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை. அம்மாவும் அப்பாவும் இதே நகரத்தின் தெற்கே, பாபடோயிட்டோயில் இருக்கிறார்கள். இங்கே புதிதாகச் சந்திப்பவர்கள் ஜெர்மனி என்றதும், “அந்த ஊர்ல என்னெல்லாம் பாத்தீங்க?” என்று ஆர்வமாகக் கேட்பார்கள். எல்லாவற்றையும் பார்த்தோம் என்றுதான் சொல்வேன். வெளியே நின்று பார்த்தோம் என்பதைச் சொல்லத் தொடங்கினால் கதை நீண்டுவிடும். இன்று அதைச் சொல்லிவிடலாம்.

ஜெர்மனியில் சிறுபிள்ளைகளின் பள்ளிக்கூடம் மதியத்தோடு முடிந்துவிடும். திங்களன்று மட்டும் வாசலில் அப்பா நிற்பார். மற்ற நாட்களில் அவரை நாங்கள் பார்ப்பதே அரிது. நாங்கள் எழும்பும்போது அவர் நித்திரையில் இருப்பார். நாங்கள் படுத்த பிறகுதான் வீட்டுக்கு வருவார். அதனால் திங்களன்று தேய்த்த சட்டையும் ஒட்ட வாரிய தலையுமாக அவர் நிற்பதைப் பார்க்க, எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருக்கும். பக்கத்தில் அம்மா ரொட்டியும் கட்டாச் சம்பலும் போட்ட பையோடு நிற்பார். அம்மாவும் வேலைக்குப் போனவர்தான். விடியப்புறம் எழும்பி அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்துவிட்டு, நாங்கள் பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுவார். அம்மா எங்கே போய் வருகிறார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் தடவை நாங்கள் போனது ஆற்றங்கரையில் இருந்த பழைய வட்டக் கோபுரத்துக்கு. அரசர் காலத்துக் கோட்டையில் எரியாமல் மிஞ்சியது அந்தக் கோபுரம் மட்டும்தான். உள்ளே கப்பல்களின் அருங்காட்சியகம் இருக்கிறது என்று அப்பா வேலைத்தலத்தில் கேள்விப்பட்டிருந்தார். தம்பிக்குக் கப்பல் என்றால் உயிர். டிராமில் வரும் வழியெல்லாம் அவன் ஒரு காகிதக் கப்பலைக் கையில் வைத்திருந்தான். கதவு பூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பலகை தொங்கியது. எனக்கு அப்போதுதான் ஜெர்மன் வாசிக்கத் தெரிய வந்திருந்தது.

“என்ன எழுதியிருக்கு பிள்ளை? வாசி பாப்பம்” என்றார் அப்பா.

“மொண்டாக்ஸ் கெஷ்லோஸன். திங்கக்கிழமை பூட்டாம் அப்பா.”

தம்பி அந்த இடத்திலேயே இருந்து அழத் தொடங்கினான். “விசாரிச்சுப்போட்டு வெளிக்கிட்டிருக்கலாமெல்லே?” என்றார் அம்மா.  அப்பா தம்பியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

“உள்ளுக்க இருக்கிறது ஓடாத கப்பல் தம்பி. நாங்கள் ஓடுற கப்பலைப் பாப்பம் வா.”

ஆற்றுக்கு இறங்கும் அகலமான படிகளில் உட்கார்ந்தோம். சரக்குப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நீரோட்டத்தை எதிர்த்து வந்தவை மெதுவாக, தண்ணீருக்குள் பாதி அமிழ்ந்தபடி வந்தன. ஓட்டத்தோடு போனவை சைக்கிள் மாதிரிப் பறந்தன. படகின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வீடு, ஜன்னலில் திரைச்சீலை, கொடியில் காயும் உடுப்புகள், கூரையில் ஒரு கார்கூட நிற்கும். “அந்தா பார், கப்பல்காரன் காரையும் கொண்டெல்லோ போறான்” என்று அப்பா சொல்ல, தம்பி அழுகையை மறந்துவிட்டான். காகிதக் கப்பலை அன்றைக்கே ஆற்றில் விட்டான்.

அதற்குப் பிறகு அப்பா விசாரித்துவிட்டுத்தான் புறப்பட்டார் என்று நினைக்கவேண்டாம். எங்கே போனாலும் பூட்டுத்தான் என்று தெரிந்த பிறகும் போனார். ஓவியக்கூடத்துக்குப் போனோம். கறுப்பாகப் பளபளத்த அதன் சுவரில் எங்கள் முகத்தைப் பார்த்துத் தலைவாரினோம். காட்டோரத்தில் மான்கள் வளர்க்கும் ஓர் இடம் இருந்தது. மான்களுக்கும் அன்று விடுமுறை. வேலிக்கு வெளியே நின்று தம்பி கூப்பிட, ஒரு மான் மட்டும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நதிக்கரையில் வானத்தைக் குத்திக்கொண்டு நின்ற உயரமான கோபுரம் ஒன்றுதான் திங்களன்றும் திறந்திருந்தது. ஆனால் அதன் லிப்டைக் கண்டதும் அம்மா, “அந்த ஊசிக்குள்ள நான் வரமாட்டன், நீங்கள் போய் வாங்கோ” என்றுவிட்டார். அம்மாவை விட்டுவிட்டுப் போக அப்பாவுக்கு மனம் வரவில்லை. கீழே புல்லில் மல்லாந்து படுத்து அதன் உச்சியைப் பார்த்தோம். மேகம் ஓட, கோபுரம் எங்கள் மேல் சாய்வது மாதிரி இருந்தது. தம்பி கத்திச் சிரித்தான்.

கதவில்லாத இடங்கள்தான் எங்களைக் காப்பாற்றின. நகரத்தின் நடுவில் இருந்த பழைய அரண்மனைத் தோட்டத்துக்குப் பூட்டு இல்லை. அதன் குளத்து அன்னங்கள் திங்களென்றும் செவ்வாயென்றும் பார்க்காமல் எங்களைச் சீறித் துரத்தின. வடக்கே ஆற்றோரப் பூங்காவுக்குள் ஜப்பானியர்கள் அமைத்த சின்னத் தோட்டம் ஒன்று இருந்தது. வளைந்த பைன் மரங்களும் கல்லடுக்கிய குளமுமாக இருக்கும். அங்கே போனால் ஏனோ எல்லோரும் குரலைத் தாழ்த்திவிடுவோம். ஆற்றின் மறுகரையில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. கோடையில் மேய்ப்பர் ஒருவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார். எதிர்க்கரையில் பெரிய நகரம், வங்கிகள், பாலங்கள். இந்தக் கரையில் செம்மறி ஆடு. மழைகாலத்தில் ஆறு பெருகி அந்தப் புல்வெளியை மூடிவிடும். விளக்குக் கம்பங்கள் தண்ணீருக்குள் நிற்கும். அதைப் பார்க்கவும் அப்பா எங்களைக் கூட்டிப் போவார்.

எங்களுக்கு மிகப் பிடித்தது நகரத்தின் தெற்கே இருந்த இளஞ்சிவப்பு மாளிகை. மாளிகைக்கு முன்னால் வட்டக் குளம், பின்னால் நீண்டு போகும் இன்னொரு குளம், அதன் இருபக்கமும் வரிசையாக மரங்கள். அந்தப் பாதையில் நேராக நடந்தால் ரைன் நதிக்கே போய்விடலாம். பின்பக்கக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கு இருந்தது. அதில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஜன்னல்கள் எல்லாம் உள்ளே மரக்கதவு சாத்தியிருக்கும். அப்பா ரொட்டியைக் கடித்துக்கொண்டே, “அது ராசா படுக்கிற அறையாயிருக்கும். அது ராணி மா இடிக்கிற அறை” என்று சொல்லுவார். ராணி மா இடிப்பாளா என்று நாங்கள் சண்டை போடுவோம்.

ஒருமுறை என் வகுப்பை அந்த மாளிகைக்குக் கூட்டிப் போனார்கள். நடுவாரத்தில் ஒரு நாள். அப்பாவுக்கு என்னைவிட அதிக சந்தோசம். “வடிவாப் பார் பிள்ளை. ஒண்டும் விடாமல் பாத்துக்கொண்டு வா” என்று முதல்நாளே தொலைபேசியில் சமையலறையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த திங்கள் நாங்கள் நால்வரும் அந்த வாங்குக்குப் போனோம். நான் எழுந்து நின்று மாளிகையைக் கைகாட்டி விளக்கினேன். நடுவில் வட்டமான பெரிய மண்டபம், கூரையில் மேகத்துக்குள் பறக்கும் ஆட்கள், சுவரெல்லாம் கண்ணாடி என்று சொன்னேன்.

“தரை என்ன தரை?”

“மரம் அப்பா. கோலம் போட்டமாதிரி. சப்பாத்தோட மிதிக்கக்கூடாதெண்டு மேல போட மொத்தமான கம்பளிச் செருப்பொண்டு தந்தவை. வழுக்கி வழுக்கிப் போகலாம்.”

“குசினி எங்க இருக்கு?”

“குசினி காட்டேல்லை.”

“குசினியில்லாமல் என்ன மாளிகை? ராசா பட்டினியே கிடந்தவர்?” என்று அப்பா ஏமாற்றத்தோடு ரொட்டியை மடித்தார். ஆனால் வீடு போகும்வரை அந்தக் கம்பளிச் செருப்பைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

வருசத்தில் ஒரு திங்கள் மட்டும் நகரம் முழுவதும் தெருவுக்கு வரும். குளிர் முடியும் காலத்தில், நோன்புக்கு முன்னால் வரும் திருவிழாத் திங்கள். அலங்கார வண்டிகள் ஊர்வலமாகப் போகும். வேசம் போட்டவர்கள் மேலிருந்து மிட்டாய்களை அள்ளி வீசுவார்கள். எங்கள் நாள் என்று அதைத்தான் சொல்லவேண்டும். ஆனால் அந்த ஒரு திங்களில் முதலாளி கடையைப் பூட்டமாட்டார். அவ்வளவு கூட்டம். அப்பா வேலைக்குப் போய்விடுவார்.

அம்மா எங்களைக் கூட்டிப் போனார். தம்பிக்கு அம்மாவின் சால்வையால் தலைப்பாகை. எல்லோரும் “ஹெலாவ்!” என்று கத்த, நாங்களும் கத்தினோம். தம்பி குனிந்து குனிந்து மிட்டாய் பொறுக்கினான். பை நிறைந்ததும் அம்மா, “அப்பாவுக்கும் குடுத்துப்போட்டு வருவம் வாங்கோ” என்றார். உணவகத்தின் பின்கதவு ஒடுக்கமான ஓர் ஒழுங்கையில் இருந்தது. தட்டினோம். அப்பா முழங்கை வரை மாவோடு வந்தார்.

“என்னப்பா, என்ன நடந்தது?” என்று பயந்துபோய்க் கேட்டார்.

“ஒண்டும் நடக்கேல்லை. உங்களுக்கு இனிப்புக் கொண்டு வந்தனாங்கள்.”

அப்பாவுக்குப் பின்னால் முதலாளியின் தலை தெரிந்தது. எங்களைக் கண்டதும் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு விரலைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். இரண்டு நிமிசம் என்று அர்த்தம். அப்பா ஏப்ரனோடு ஒழுங்கையின் வாசல்வரை ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். முன்னால் சுவர் மாதிரி மனிதர்களின் முதுகு. அதற்கு மேலே காகிதத்தில் செய்த ஒரு பூதத் தலை மட்டும் ஆடி ஆடிப் போனது. அப்பா வெள்ளைக் கைகளை உயர்த்தி “ஹெலாவ்!” என்று கத்தினார். அவ்வளவு பெரிய சத்தம் அவரிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை. பூதத்துக்குப் பக்கத்தில் இருந்த கோமாளி திரும்பிப் பார்த்து ஒரு கைப்பிடி மிட்டாயை எறிந்தான். ஒன்று அப்பாவின் நெற்றியில் பட்டது. அவர் அதை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டார்.

எனக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போது ஆக்லாந்துக்கு வந்தோம். அம்மாவின் தம்பி ஏற்கெனவே இங்கே இருந்தார். அவர்தான் விசாவுக்கான ஏற்பாடுகளைச் செய்தார். புறப்படுவதற்கு முன்னால் தொலைபேசியில் அப்பா அவரிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கு நினைவிருக்கிறது.

“அங்க ஆறு இருக்கோ?”

“ஆறில்லை அத்தான். ரெண்டு பக்கமும் கடல்” என்றார் மாமா. அப்பா “ம்” என்று மட்டும் சொன்னார்.

கடைசித் திங்களன்று எதிர்க்கரைப் புல்வெளிக்குப் போனோம். அப்பா சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்து, ஆற்றில் காலை வைத்தார். இவ்வளவு காலம் பக்கத்திலேயே இருந்தும் அதுவரை அவர் அதில் கால் நனைத்ததில்லை. குளிர் தாங்காமல் உடனே எடுத்துவிட்டார். அம்மா சால்வையால் துடைத்துவிட்டார்.

ஆக்லாந்துக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு திங்களன்று, இன்னும் வேலை கிடைக்காத அப்பா எங்களைப் பாபடோயிட்டோயிலிருந்து ரயிலில் ஏற்றினார். நகரத்துக்குள் ஒரு பெரிய பூங்காவின் மேட்டில் அருங்காட்சியகம் இருக்கிறது என்று மாமா சொல்லியிருந்தார். புல்வெளியில் ஏறிப் போனோம். தூண்கள் வைத்த பெரிய வெள்ளைக் கட்டடம், கீழே துறைமுகம், அதற்கப்பால் ஓர் எரிமலைத் தீவு. அப்பா கதவுப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கம்போல ஓரத்துப் படியில் துவாயை விரித்தார். அம்மா ரொட்டியை எடுத்தார். தம்பிதான் கட்டடத்தைச் சுற்றி ஓடிவிட்டு மூச்சு வாங்க வந்தான்.

“அப்பா, ஆக்கள் உள்ள போகினம்!”

“உள்ள வேலை செய்யிற ஆக்களாயிருக்கும்.”

“இல்லையப்பா, பேபி எல்லாம் போகுது!”

நாங்கள் எழுந்து நின்றோம். உண்மைதான். கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் நின்ற பெண் எங்களைப் பார்த்துச் சிரித்து, வாருங்கள் என்று கையசைத்தார். நாங்கள் கடித்த ரொட்டியும் துவாயுமாகக் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் மாதிரி நின்றோம். உள்ளே மரத்தில் குடைந்த நீளமான வள்ளத்தைத் தம்பி சுற்றிச் சுற்றி வந்தான். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு கணம் நின்று, அடுத்ததற்குப் போய், சீக்கிரமே எங்களிடம் வந்தார். “காணுந்தானே, வெளியில போவம்” என்றார். வெளியே வந்து புல்லில் உட்கார்ந்து கட்டடத்தைப் பார்த்தோம். அப்போதுதான் அவர் முகத்தில் ஓர் ஆறுதல் தெரிந்தது.

விமானங்களுக்குச் சாப்பாடு செய்யும் சமையற்கூடத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. விடுமுறை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு நாளில் வந்தது. வீடு வாங்கினார்கள், மோர்ட்கேஜ் கடன் வந்தது. இந்த நகரத்தில் எல்லாமே எல்லா நாளும் திறந்திருந்தன. எப்போதும் போகலாம் என்பதால் எப்போதும் போகாமலே இருந்தோம். நானும் தம்பியும் கொஞ்சக் காலம் ரயிலில் ஜெர்மனில் கதைத்தோம். பிறகு அதுவும் நின்றது. தம்பி சிட்னிக்குப் போய்விட்டான். எனக்குக் கல்யாணமாகி ஒரு மகள். நான் தமிழில் கேட்பதற்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

போன வருசம் ஜெர்மனியில் சித்தப்பாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. அப்பா ஓய்வு பெற்றிருந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி. “அவ்வளவு தூரம் இருந்துகொண்டு என்னால ஏலாது” என்று சொன்னவரைக் கெஞ்சிச் சம்மதிக்கவைத்தேன். பயணத் திகதிகளைப் பார்த்தபோது ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தேன். கல்யாணம் முடிந்தபின் டுசல்டோர்ஃபில் எங்களுக்குக் கிடைக்கும் நாட்கள் புதனும் வியாழனுமாக இருக்கவேண்டும். அப்பாவிடம் காரணத்தைச் சொல்லவில்லை. அவராகவே புரிந்துகொண்டார். “அப்ப இந்த முறை உள்ளுக்க போகலாம் போல” என்றார்.

புதன் காலை மாளிகைக்குப் போனோம். குளம் அப்படியே இருந்தது. மரங்கள் பெருத்திருந்தன. வாங்கு புதியது, ஆனால் அதே இடத்தில். வாசலில் சப்பாத்துக்கு மேல் போட்டுக்கொள்ளக் கம்பளிச் செருப்புகள் தந்தார்கள். அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுதானே நீ சொன்னது?” என்றார். பிறகு போட்டுக்கொண்டு, பளபளத்த தரையில் ஓரடி வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்தத் தரையில் மிக நன்றாக நடந்தவர் அம்மாதான். காலைத் தூக்கவே தேவையில்லை. “இது நல்லாயிருக்கப்பா, முழங்கால் நோகேல்லை” என்று சொல்லி, பாவாடைக்குள் சக்கரம் பூட்டியவர் மாதிரி அறைக்கு அறை வழுக்கிப் போனார். வழிகாட்டி இளைஞன் ஜெர்மனில் விளக்கிக்கொண்டு வந்தான். நான் தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்தேன். சமையலறை பக்கத்துக் கட்டடத்தில் இருந்ததாம்; சாப்பாடு முற்றத்தைத் தாண்டி வருமாம். “அப்ப ஆறின சாப்பாடுதான்” என்றார் அப்பா.

ஆனால் அவர் கூரையையோ கண்ணாடிகளையோ அதிகம் பார்க்கவில்லை. ஒவ்வோர் அறையிலும் ஜன்னலுக்குப் போனார். தோட்டப்பக்க அறை ஒன்றில் நின்றுவிட்டார்.

“இஞ்ச வாரும். அந்த வாங்கைப் பாரும்” என்று அம்மாவைக் கூப்பிட்டார். வாங்கில் யாரோ ஒருவர் கால்நீட்டி இருந்து பாண் தின்றுகொண்டிருந்தார். “நாங்கள் அதில இருந்து சாப்பிடேக்க, ஆரும் இதில நிண்டு எங்களைப் பாத்திருப்பினமோ?”

“திங்கக்கிழமை ஆர் நிக்கப்போகினம்? கூட்டுற ஆள்தான் நிண்டிருக்கும்” என்றார் அம்மா. “பூட்டின கட்டடத்துக்குள்ள எப்பவும் ஒராள் கூட்டிக்கொண்டுதான் இருக்கும்.”

“உமக்கெப்பிடித் தெரியும்?”

“நான்தானே கூட்டினனான். இதில்லை. அந்தக் கப்பல் கோபுரம். அங்க கூட்டுற ஆளுக்குச் சுகமில்லையெண்டு கொம்பனிக்காரர் என்னைக் கொஞ்ச நாள் அனுப்பினவை.”

அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். நானும் மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தேன்.

“நாங்கள் போகேக்க பூட்டிக்கிடந்ததே, அந்தக் கோபுரமோ? எப்ப?” என்றார் அப்பா.

“அதுக்குப் பிறகு. அடுத்த வருசமாக்கும்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

அம்மா ஜன்னல் விளிம்பை விரலால் தொட்டுத் தூசி இருக்கிறதா என்று பார்த்தார். “நீங்கள் ஆசை ஆசையா எங்களை வெளிய நிண்டு பாக்கக் கூட்டிக்கொண்டு போறியள். நான் உள்ளுக்க போய் வந்தனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? சொன்னால் உங்கட திங்கக்கிழமை பழுதாப்போயிருக்கும்.”

 அப்பா சிரிக்கத் தொடங்கினார். சத்தம் அந்தப் பெரிய அறையில் உருண்டது. முன்னால் போன வழிகாட்டி திரும்பிப் பார்த்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“கப்பல் எப்பிடியிருந்தது?”

“எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள. சின்னச் சின்னதாப் பாய்மரம், கயிறு. அந்தக் கண்ணாடி துடைக்கிறது பெரிய பாடு. கைரேகை போகாது.”

அன்று மாலை சித்தப்பா வீட்டிலிருந்து தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். “அம்மாவோ?” என்றான். மறுநாள் வியாழன். கோபுரத்துக்குள் போகலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் வேண்டாமென்றார். ஆற்றுப் படியில் மூவரும் உட்கார்ந்து படகுகளைப் பார்த்தோம். அம்மா கண்ணாடிப் பெட்டிகளைப் பற்றி இன்னும் சொன்னார்.

அந்தப் பயணத்தில் தொடங்கிய கதை ஆக்லாந்து வந்தும் ஓயவில்லை. அப்பா ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். வேறு எங்கே கூட்டினீர்? வங்கியிலா? பள்ளிக்கூடத்திலா? எந்த டிராமில் போனீர்? அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது, அதே நகரத்தை அம்மா தனியாக வேறொரு நேரத்தில் பார்த்திருக்கிறார் என்று. நாங்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது, யாரும் மிதிக்காத பனியில் பாலத்தைக் கடந்திருக்கிறார். அரண்மனைத் தோட்டத்தின் புல்லில் முயல்கள் கூட்டமாக இருந்து மேய்வதையும், ஆற்றின் மேல் மூடுபனி வெள்ளைத் துணி மாதிரிக் கிடப்பதையும் கண்டிருக்கிறார். அன்னங்கள் தலையை இறக்கைக்குள் வைத்துத் தூங்குமாம். எங்களைத் துரத்திய அதே அன்னங்கள். இதையெல்லாம் அம்மா சந்தையில் மரக்கறி வாங்கியதைச் சொல்வது மாதிரித்தான் சொல்லுவார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, மானுரேவாவில் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்கு அவர்களைக் கூட்டிப் போனேன். ரோசாத் தோட்டத்துக்குக் கீழே, வாத்துக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மரநிழலில் பாயை விரித்தோம். பக்கத்தில் ஒரு பசிபிக் தீவுக் குடும்பம் பிறந்தநாள் கொண்டாடியது. சிறுவர்கள் பந்து விளையாடினார்கள்.

“அந்த ஆத்தங்கரை இசை மண்டபம், கவிழ்த்த சட்டி மாதிரிக் கூரை போட்டது, அதுக்குள்ளயும் போனனீரோ?” என்று கேட்டார் அப்பா.

“ஓம். அங்க கனநாள் செய்தனான்.” அம்மா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னார். “ஒருநாள் ஒருத்தரும் இல்லை. நானும் ஒரு துருக்கி மனுசியும்தான். மேடையில நிண்டு சும்மா ஒரு சத்தம் போட்டுப் பாத்தன். அப்பிடிக் கேக்குது. பிறகு ஒரு தேவாரம் பாடினன்.”

“முழுசாவோ?”

“முழுசாத்தான். அந்த மனுசி கூட்டுற தும்புத்தடியைக் கீழ வைச்சுப்போட்டுக் கைதட்டினவ.”

 அம்மாவின் பாட்டை அப்பா கேட்டதில்லை என்று நினைக்கிறேன். நானும் கேட்டதில்லை. சாமியறையில் முணுமுணுப்பதை மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

“இப்ப ஒருக்காப் பாடுமன்” என்றார் அப்பா.

“உங்களுக்கு விசரே? இவ்வளவு சனம் நிக்குது.”

“அவைக்கு விளங்கவே போகுது?”

“விளங்காட்டிலும் காது கேக்குந்தானே.”

அப்பா மேலே வற்புறுத்தவில்லை. அம்மாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கி, தானே எல்லோருக்கும் பரிமாறினார். முதல் தட்டை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டு, மேலே கிளைகளுக்கிடையில் தெரிந்த வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது, சுறுக்காகச் சாப்பிடுங்கள் என்றார்.